நம் வீட்டுக்கு ஏற்ற கண்ணாடி அறை எது?

(டில்லி வட்டாரக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

இந்த மேடையில் வழக்கமாக உபந்நியாசம் நடக்கும். இல்லாவிட்டால் டாக்டர் ஒருவர் வந்து சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசுவார். இன்று நான் கண்ணாடியைப் பற்றிப் பேசப் போகிறேன். மூக்குக் கண்ணாடி அல்ல. பால்கனிக்கும் வராந்தாவுக்கும் மொட்டை மாடிக்கும் போடுகிற கண்ணாடி.

இதற்கு நம் காரியதரிசிதான் பொறுப்பு. "மாமா, நம்ம மெம்பர்கள்ல பாதிப் பேர் பால்கனியைக் கண்ணாடி போட்டு மூடிட்டா. மீதிப் பேர் யோசிச்சிண்டிருக்கா. நீங்க சயின்ஸ் படிச்சவர், கொஞ்சம் சொல்லுங்கோ" என்றார். நான் பௌதிகத்தில் பட்டம் வாங்கியவன். உத்தியோகம் பார்த்ததெல்லாம் சர்க்கார் ஃபைல்களோடு. கட்டட இன்ஜினியர் அல்ல. ஆகவே இன்ஜினியரைக் கேட்க வேண்டிய இடம் வரும்போது அவரைக் கேளுங்கள் என்றே சொல்லிவிடுவேன்.

காண்ட்ராக்டர் வந்தால் கைபேசியில் படங்களைக் காட்டுகிறார். பெரும்பாலும் இங்கிலாந்துப் படங்கள். 'கன்சர்வேட்டரி' என்று பெயர் சொல்கிறார். வீட்டுச் சுவரோடு ஒட்டி, சுவரும் கூரையும் பெரும்பகுதி கண்ணாடியாலேயே எழுப்பப்படும் அறை அது. "இதில் எந்த ஸ்டைல் வேண்டும் சார்?" என்று கேட்கிறார். அந்தக் கேள்வி கடைசியில் வரவேண்டியது. முதலிலேயே அதைக் கேட்டால் பணம் போய்விடும். சில சமயம் பணத்தைவிடப் பெரியதும் போய்விடும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த அறை எதற்காகப் பிறந்தது என்று முதலில் பார்ப்போம். ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டில் பணக்காரர்கள் ஆரஞ்சு மரங்களைத் தொட்டியில் வளர்த்தார்கள். பனிக்காலத்தில் அவை செத்துப் போகாமலிருக்கத் தெற்கு நோக்கிப் பெரிய ஜன்னல்கள் வைத்த மண்டபங்களைக் கட்டினார்கள். அதற்கு ஆரஞ்சரி என்று பெயர். வெர்சேல்ஸ் அரண்மனையில் இருக்கும் ஆரஞ்சரி 1680களில் கட்டியது. பிரிட்டனில் கண்ணாடிக்கு வரி போட்டிருந்தார்கள். 1845இல் அந்த வரியை எடுத்தார்கள். கியூ தோட்டத்தின் பனைமர வீடு 1848இல் முடிந்தது. 1851இல் லண்டன் ஹைட் பார்க்கில் ஜோசஃப் பாக்ஸ்டன் கிரிஸ்டல் பாலஸை எழுப்பினார். அதன் பிறகு நடுத்தர வர்க்கத்து வீடுகளின் பின்புறத்திலும் கண்ணாடி அறை முளைத்தது. அதே காலத்தில் வார்டு பெட்டி என்ற கண்ணாடிப் பெட்டிகளில் வைத்துத்தான் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகளை இமயமலைச் சாரலுக்குக் கொண்டு வந்தார். காப்பி குடிக்கிற நமக்கு அதில் அக்கறை குறைவுதான். கண்ணாடி என்பது செடியைக் குளிரிலிருந்து காக்க வந்த சாதனம் என்பதற்காகச் சொன்னேன்.

பிள்ளையோ பெண்ணோ பிரிட்டனில் வீடு வாங்கியிருக்கிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அங்கே உள்ள வடிவங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே சரிவுக் கூரையைச் சுவரில் சாய்த்து வைத்தது 'லீன்-டு'. நம் ஊர்த் தாழ்வாரத்தின் கண்ணாடி அவதாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசை வீடுகளுக்கும், கூரை தாழ்ந்த ஒற்றை மாடி வீடுகளுக்கும் இதுதான் பொருந்தும். முன்பக்கம் மூன்று அல்லது ஐந்து பட்டையாக வளைந்து, உச்சியில் அலங்காரம் வைத்தது 'விக்டோரியன்'. பார்க்க அழகு, மூலைகள் கோணலாக இருப்பதால் சோபாவும் ஊஞ்சலும் சரியாக உட்காராது. சதுரமாகவோ நீள்சதுரமாகவோ இருப்பது 'எட்வர்டியன்', இடம் வீணாகாது. முன்பக்கக் கண்ணாடி கூரை உச்சிவரை முக்கோணமாக ஏறினால் 'கேபிள்'. உயரமான வீட்டுக்குத்தான் அது எடுக்கும். செங்கல் தூண்களும், தட்டைக் கூரையும், நடுவில் மட்டும் கண்ணாடிக் கூண்டும் உள்ளது இன்றைய ஆரஞ்சரி. வீட்டின் கூரைச் சரிவு, ஜன்னல் சட்டம், செங்கல் நிறம் ஆகியவற்றோடு இழைய வேண்டும், தோட்டத்தைப் பாதிக்கு மேல் விழுங்கக்கூடாது என்பது அங்கே பொது விவேகம். பாதி அளவு என்பது அந்நாட்டு அனுமதி விதியிலும் இருக்கிறது.

ஆனால் அந்த நாட்டுக்காரர்களே இப்போது என்ன செய்கிறார்கள் தெரியுமா? கோடையில் அடுப்பு, பனிக்காலத்தில் ஐஸ் பெட்டி என்று அலுத்துப்போய், பலர் கண்ணாடிக் கூரையை எடுத்துவிட்டு ஓட்டுக் கூரை போடுகிறார்கள். 2022 ஜூலை 19 அன்று கோனிங்ஸ்பி என்ற இடத்தில் 40.3 டிகிரி பதிவாயிற்று. 40 டிகிரி நமக்கு மே மாதத்துச் சாதாரண சமாசாரம். அதைத் தாங்காத அறையை இங்கே அப்படியே கொண்டு வந்து வைப்பதற்கு முன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

கண்ணாடி அறை ஏன் சுடுகிறது? பள்ளிக்கூடப் பாடத்தில் ஒரு விளக்கம் படித்திருப்போம். சூரிய ஒளியின் அலைநீளம் சிறியது, கண்ணாடி அதை உள்ளே விடுகிறது. உள்ளே தரையும் நாற்காலியும் சூடேறி வெளியிடும் வெப்பக் கதிரின் அலைநீளம் சுமார் 10 மைக்ரான். அதைக் கண்ணாடி வெளியே விடாது. இது உண்மைதான், ஆனால் முழு உண்மை அல்ல. 1909இல் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க விஞ்ஞானி இரண்டு பெட்டி செய்தார். ஒன்றின் மூடி கண்ணாடி. மற்றதன் மூடி பாறை உப்பு. அது வெப்பக் கதிரையும் தாராளமாக வெளியே விட்டுவிடும். இரண்டையும் வெயிலில் வைத்தார். சமநிலையில் வைத்து அளந்தபோது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குச் சூடாயின. ஆக, சூட்டை அடைத்து வைப்பதில் பெரும்பங்கு கதிருக்கு அல்ல. சூடான காற்று மேலே எழும்பித் தப்பிக்க வழியில்லாமல் போவதற்குத்தான்.

இந்தச் சின்னப் பரிசோதனை நமக்குப் பெரிய உபகாரம் செய்கிறது. மேலே ஒரு திறப்பு, கீழே ஒரு திறப்பு இருந்தால் கண்ணாடி அறையின் சூடு பாதி வசத்துக்கு வந்துவிடும். திறக்க முடியாத நிலைக் கண்ணாடி எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் நம் சமவெளியில் எந்த ஊருக்கும் பொருந்தாது. இதை நான் அடித்துச் சொல்வேன்.

அடுத்தது திக்கு. வாஸ்து சொல்லப் போவதில்லை. சூரியனின் பாதையைச் சொல்கிறேன். டில்லி 28½ டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் 21 நடுப்பகலில் சூரியன் தெற்கே வெறும் 38 டிகிரி உயரத்தில் நிற்பான். ஜூன் 21 நடுப்பகலில் 85 டிகிரி, ஏறக்குறையத் தலைக்கு மேல். தெற்குச் சுவரில் 7 அடி உயரக் கண்ணாடி, அதன் மேல்விளிம்பை ஒட்டி 2 அடி நீட்டிய சன்ஷேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் நடுப்பகலில் கண்ணாடி முழுவதும் நிழல். டிசம்பரில் மேலே ஒன்றரை அடிதான் நிழல். பாக்கி ஐந்தரை அடி வழியாக வெயில் உள்ளே வந்து தரையில் படுத்துக்கொள்ளும். மின்சாரம் வேண்டாம், ரிமோட் வேண்டாம். ஆண்டு முழுவதும் சூரியனே திறந்து மூடிக்கொள்கிறான். டில்லி, நொய்டா, சண்டிகர், லக்னோ, ஜெய்ப்பூர் போன்ற ஊர்களில் தெற்கு பால்கனி கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள்.

கிழக்கு அடுத்தபடி. குளிர்காலத்தில் பனிமூட்டம் விலகியதும் பத்து, பதினொரு மணி வரை இதமான வெயில். கோடையில் காலை வெயில் வந்தாலும் அந்நேரத்தில் வெளிக்காற்று அவ்வளவு சுடாது, திறந்து விடலாம். வடக்கில் குளிர்காலத்தில் வெயிலே விழாது. தூசியும் புறாவும் வராமலிருக்க வேண்டுமானால் போடலாம், வேறு லாபமில்லை.

மேற்குதான் வில்லன். சாயங்கால வெயில் தாழ்வாக நேரே வருவதால் சன்ஷேடு எதுவும் செய்ய முடியாது. 10 அடி அகலம், 8 அடி உயரம், ஆக 80 சதுர அடி மேற்குக் கண்ணாடி என்று வைத்துக் கணக்குப் போட்டேன். மே மாதம் நான்கு மணிக்கு ஒரு சதுர மீட்டர் சாதாரணக் கண்ணாடி வழியே சுமார் 500 வாட் உள்ளே வரும். 80 சதுர அடி என்றால் ஏழரை சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் 3,700 வாட். ஒரு டன் ஏ.சி. அறையிலிருந்து எடுக்கும் வெப்பம் 3,500 வாட். அதாவது ஒரு டன் ஏ.சி.யை வாங்கி, அதன் உழைப்பு முழுவதையும் ஒரு கண்ணாடிக்குத் தட்சிணையாகக் கொடுக்கிறோம். இரட்டைக் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். இரட்டைக் கண்ணாடி இரு பக்கத்துக் காற்றின் சூடு கடத்தப்படுவதைக் குறைக்கும். நேர் வெயிலைத் தடுக்க வேண்டுமானால் அதற்கென்று பூச்சுள்ள கண்ணாடியாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விற்பவர் தானாகச் சொல்ல மாட்டார். மேற்கில் மூடியே ஆகவேண்டும் என்றால் கண்ணாடிக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டுங்கள். இங்கே 'சிக்' என்று விற்கிறார்களே, அதுதான். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தினால்தான் பிரயோஜனம். உள்ளே திரை போட்டால், வந்த சூடு திரையிலும் அறையிலும்தான் தங்கும்.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஃப்ளாட்டில் மேல்மாடி பால்கனியின் தளம் நம் ஹால் சுவருக்கு 4 அடி சன்ஷேடாக இருக்கிறது. நாம் கண்ணாடியைக் கொண்டுபோய் பால்கனியின் வெளி விளிம்பில் நிறுத்துகிறோம். குடையை விரித்துவிட்டு அதன் விளிம்புக்கு வந்து நிற்பது போல. இதுவரை நிழலில் இருந்த இடம் வெயிலைப் பிடிக்கும் பொறியாகிவிடும். ஆகவே சமவெளியில் இரண்டு தீர்மானங்கள்: விளிம்பில் கண்ணாடி போட்டால் அது ஒதுக்கித் திறக்கக்கூடியதாக இருக்கட்டும், கூரை ஒருபோதும் கண்ணாடியாக வேண்டாம். மொட்டை மாடியில் தனி அறை எழுப்புகிறவர்களுக்கு இரண்டாவதை விசேஷமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் டிசம்பர் நடுப்பகலில் சூரியன் 15 டிகிரிதான் எழும்பும். மங்கலான வானத்திலிருந்து கிடைக்கிற வெளிச்சத்தைக் கூரை வழியாகப் பிடிக்கிறார்கள். நமக்கோ மே, ஜூனில் அதிக வெயில் விழுகிற இடமே கூரைதான்.

கண்ணாடி அறை உண்மையிலேயே பொருந்தும் பிரதேசம் நம் நாட்டில் உண்டு. சிம்லா, முசோரி, நைனிடால் பக்கம் பழைய வீடுகளில் வராந்தாவை மரச்சட்டமும் கண்ணாடியுமாக அடைத்திருப்பார்கள். கூரை தகரச் சரிவு, பனி வழுக்கி விழ. முன்பக்கம் மட்டும் கண்ணாடி. குரங்குத் தொல்லைக்கும் அதுவே பரிகாரம். லடாக்கில் இன்னும் விசேஷம். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; குளிர்கால இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்கும், ஆனால் பகலில் வானம் நிர்மலமாக இருக்கும். அங்கே வீட்டின் தெற்குப் பக்கத்தில் 'ஷெல்காங்' என்று கண்ணாடி அறை வைக்கிறார்கள். பகலில் குடும்பமே அங்கே உட்கார்ந்திருக்கும். ஃபேயில் உள்ள செக்மோல் பள்ளி வளாகத்தில் தடித்த மண்சுவர்களைத் தெற்கு வெயிலில் காயவைத்தே கட்டடத்தைக் கதகதப்பாக வைத்திருக்கிறார்கள். சூட்டைப் பிடிப்பது கண்ணாடி, சேமிப்பது சுவர். தடித்த சுவரோ கல் தரையோ இல்லாத கண்ணாடி அறை, சூரியன் மறைந்த ஒரு மணி நேரத்தில் சில்லிட்டுப் போகும். தமிழ்நாட்டில் இந்தக் கதை பொருந்துவது நீலகிரியில்தான். உதகையில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிறது.

பெங்களூருவுக்கு வெயிலைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. லால்பாக் கண்ணாடி மாளிகை இருக்கிறதே என்பீர்கள். 1889இல் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டியது, கிரிஸ்டல் பாலஸ் மாதிரியில் எழுந்தது. அங்கே மலர்க் கண்காட்சி நடக்கிறது. யாரும் குடித்தனம் நடத்தவில்லை. பெங்களூரு, புனே வாசிகளுக்குச் சாரலும் காற்றும் தடுக்கிற மடக்குக் கண்ணாடி போதும். மும்பை, சென்னை, கொச்சி, விசாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் புழுக்கம்தான் பிரச்னை. அங்கே காற்றை மறிப்பதே அபசாரம். மழைக்குச் சரிவான ஷட்டர் அல்லது லூவர் போதும். இரும்புச் சட்டம் உப்புக் காற்றில் நிலைக்காது. பவுடர் பூச்சு அலுமினியமோ யுபிவிசியோ நல்லது.

ஊரில் பூர்வீக வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் முற்றத்தின் மேல் பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடுகிறார்கள். மழை, அணில், திருடன் எல்லாவற்றுக்கும் அது தேவைதான். ஆனால் முற்றம் அந்த வீட்டின் புகைபோக்கி. சுற்றுக் கூரையிலிருந்து ஓரடியாவது உயர்த்தி, நாலு பக்கமும் வலையடித்துத் திறந்து விடுங்கள். ஒட்டி மூடினால் கூடம் வேகும்.

இப்போது நம்மாத்துக் காரியங்களுக்கு வருகிறேன். ஃப்ளாட்டில் பால்கனி ஒரு இடம் அல்ல, ஐந்தாறு இடம். திண்ணையும் அதுவே, கொல்லைப்புறமும் அதுவே. சந்தியாவந்தனத்துக்கு அர்க்கியம் விடுவது அங்கே. காக்கைக்குச் சாதம் வைப்பது அங்கே. மடித்துணி உலர்த்தக் கொடி அங்கே. துளசி மாடம் அங்கே. வடாம் பிழிவதும் அங்கே. கண்ணாடி போடுவதற்கு முன் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். அளவெடுப்பவரிடம் பேசுவது நாம், அந்த இடத்தைப் பன்னிரண்டு மாதமும் பயன்படுத்துவது அவர்கள்.

இதில் சில லாபமும் உண்டு. டில்லி ஜனவரியில் துளசி கருகிவிடும். கறிவேப்பிலை இலை உதிர்த்துக் குச்சியாக நிற்கும். தெற்குக் கண்ணாடிக்குள் வைத்தால் இரண்டும் பிழைக்கும். வடாம் விஷயம் வேறு. அதற்கு வெயில் பாதி, காற்று பாதி. மூடிய கண்ணாடிக்குள் ஈரம் வெளியேற வழியில்லாமல் கண்ணாடியில் நீர் கோத்து நிற்கும். துணிக்கும் அப்படியே, சுவரில் பூசணம் பிடிக்கும். காக்கைக்கும் அர்க்கியத்துக்கும் ஒரு சின்ன ஷட்டர், நாம் நின்றபடி கை நீட்டும் உயரத்தில், கம்பியில்லாமல் தனியாக விட்டு வைக்கச் சொல்லுங்கள். முதலிலேயே சொன்னால் காண்ட்ராக்டருக்கு இது பெரிய வேலையல்ல.

வயதானவர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். "வெயில்ல உட்காருங்கோ, வைட்டமின் டி குறைச்சலா இருக்கு" என்று டாக்டர் சொல்லியிருப்பார். நீங்கள் கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலி போட்டு, தினசரியைப் படித்துக்கொண்டு, வைட்டமின் சேருகிறது என்று நிம்மதியாக இருப்பீர்கள். சேராது. தோல் வைட்டமின் டி தயாரிக்கத் தேவையான புற ஊதா பி கதிரைச் சாதாரண ஜன்னல் கண்ணாடியே தடுத்துவிடும். குளிர் காய்வதற்குக் கண்ணாடி போதும். வைட்டமினுக்கு ஷட்டரை ஒதுக்கி வெயில் நேரே கையிலும் காலிலும் பட வேண்டும். தென்னாட்டு வெயிலில் வளர்ந்து, பிள்ளையோடு வடக்கே வந்து எட்டாவது மாடியில் குடியிருக்கும் பெற்றோர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

பணத்தைவிடப் பெரியது போகும் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதற்கு வருகிறேன். பல ஃப்ளாட்டுகளில் சமையலறைக்குப் பின்னால் உள்ள சின்ன பால்கனியில் கேஸ் கீஸர் மாட்டியிருக்கிறார்கள். திறந்த இடம் என்பதால்தான் அங்கே மாட்டினார்கள். பிறகு குளிருக்காகவும் புறாவுக்காகவும் அந்த பால்கனியைக் கண்ணாடி போட்டு இறுக மூடிவிடுகிறார்கள். கீஸர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எரிவதற்குப் போதிய பிராணவாயு கிடைக்காதபோது கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்ஸைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, கண்ணும் எரியாது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி. அஜீரணம் என்று நினைப்போம். இரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். மயங்கி விழுந்தவர் தானாக எழுந்து கதவைத் திறக்க முடியாது. டிசம்பர், ஜனவரியில் வட இந்தியப் பத்திரிகைகளில் இப்படிப்பட்ட மரணச் செய்திகள் வராத வருஷமில்லை. ஆகவே கேஸ் கீஸர் உள்ள பால்கனியை மூடவே மூடாதீர்கள். மூடத்தான் வேண்டுமென்றால் முதலில் கீஸரைக் கழற்றி மின்சார கீஸர் போடுங்கள். கரி அடுப்புக்கும் இதே விதிதான். கண்ணாடி அறைக்குள் கரி மூட்டிக் குளிர் காய்வது கூடவே கூடாது. இன்று வீட்டுக்குப் போனதும் பின் பால்கனியை ஒரு தடவை பாருங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏ.சி.யின் வெளிப்பெட்டியும் பால்கனியில் இருந்தால், மூடிய பிறகு அது வெளியே தள்ளிய சூட்டையே திரும்ப இழுக்கும். மின்சாரச் செலவு ஏறும்; இயந்திரமும் சீக்கிரம் போகும்.

பாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். கண்ணாடி 1 மி.மீ. தடிமனுக்கு ஒரு சதுர மீட்டர் இரண்டரை கிலோ. அந்த 80 சதுர அடியை 8 மி.மீ. கண்ணாடியால் அடைத்தால் ஏறக்குறைய 150 கிலோ, 12 மி.மீ. என்றால் 220 கிலோவுக்கு மேல். சட்டம் தனி. பால்கனித் தளம் ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ளது. நுனியில் வைக்கும் பாரம், அதே பாரத்தைத் தளம் முழுக்கப் பரப்பி வைப்பதைவிட இரண்டு மடங்கு வளைக்கும். பழைய கட்டடம், அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது என்றால் கண்ணாடிப் பேச்சை நிறுத்திவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரவழையுங்கள்.

கண்ணாடி டஃபன்டாக இருக்கட்டும். அது உடைந்தால் கத்தி போன்ற துண்டாகாமல் சிறு சிறு கட்டிகளாக உதிரும். தலைக்கு மேல் கண்ணாடி வருகிற இடத்தில் அதுவும் போதாது; நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லாமினேட்டட் கண்ணாடிதான் வேண்டும், உடைந்தாலும் கீழே கொட்டாது. உயரமான மாடியில், தெருவில் போகிறவர்களுக்காகவும் இதைக் கவனிக்க வேண்டும். கண்ணாடியோடு இரும்பு கிரில்லும் போடுகிறவர்கள் அதில் ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறக்கும் கதவு விடுங்கள். சாவி அங்கேயே ஆணியில் தொங்கட்டும். வீட்டுக்குள் தீப்பிடித்தால் தீயணைப்புக்காரர் வரும் வரை நாம் போய் நிற்கக்கூடிய இடம் பால்கனி ஒன்றுதான்.

அனுமதி பற்றி ஒரு வார்த்தை. பால்கனியை மூடினால் அது அறையாகக் கணக்காகுமா என்பது ஊருக்கு ஊர், மாநகராட்சிக்கு மாநகராட்சி மாறும். சொசைட்டியின் சம்மதம் வேறு, உள்ளாட்சியின் அனுமதி வேறு. ஒன்று இருந்தால் மற்றது இருப்பதாக அர்த்தமில்லை. "எல்லோரும் போட்டிருக்கா" என்பது ஒரு ஆட்சேபணைக்குப் பதிலாகாது. நாற்பது வருஷம் ஃபைல் பார்த்தவன் சொல்கிறேன்: எழுத்தில் வாங்கி, ஒரு நகலைப் பத்திரத்தோடு வையுங்கள். வீட்டை விற்கும்போது அந்தக் காகிதம் பேசும்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் ஸ்டைல். ஃப்ளாட் பால்கனிக்கு இரண்டு வகை நடைமுறையில் உண்டு. ஒன்று, இரண்டு மூன்று தடத்தில் ஓடும் ஸ்லைடிங். விலை சுமார், எந்நேரமும் பாதியோ மூன்றில் இரண்டு பங்கோதான் திறக்கும். மற்றது, சட்டமில்லாத பலகைகளை ஓரமாக ஒதுக்கி அடுக்கும் மடக்கு வகை. முழுவதும் திறக்கும், விலை அதிகம், தூசியையும் சாரலையும் முழுக்கத் தடுக்காது. வடக்கே ஸ்லைடிங், பெங்களூரு, புனே பக்கம் மடக்கு வகை என்பது என் அபிப்ராயம். தனி வீட்டுக்காரர்கள் தெற்கு வராந்தாவை இருக்கிற கூரையோடு அப்படியே வைத்து, முன்பக்கத்தில் மட்டும் கழற்றக்கூடிய கண்ணாடிச் சட்டங்களை தீபாவளிக்குப் பிறகு மாட்டி, ஹோலிக்குப் பிறகு எடுத்துவிடலாம். இருப்பதிலேயே மலிவு, இருப்பதிலேயே சிறப்பு. காண்ட்ராக்டருக்கு மட்டும் பிடிக்காது.

உரை முடிந்ததும் ஒரு மாமி எழுந்து, "எல்லாம் சரி, வெளிப்பக்கத்தை யார் துடைக்கிறது?" என்று கேட்டார். சபையில் பெரிய சிரிப்பு. நியாயமான கேள்வி. ஸ்லைடிங்கில் பலகைகளை ஒரு பக்கம் தள்ளி, உள்ளிருந்தே கை எட்டும் வரைதான் துடைக்கலாம். ஓரப் பலகையின் வெளிப்பக்கம் எட்டாது. உள்பக்கமாகத் திறக்கும் ஷட்டரோ மடக்கு வகையோ ஆனால் முழுவதும் துடைக்கலாம். எதைப் போட்டாலும் வேலைக்கு வரும் பெண்ணைக் கைப்பிடிச் சுவர் மேல் ஏற்றித் துடைக்கச் சொல்லாதீர்கள். ஆர்டர் கொடுப்பதற்கு முன் காண்ட்ராக்டரை உள்ளே நிறுத்தி, "இங்கிருந்தபடியே துடைத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள் என்றேன். அந்த மாமி ஏற்கெனவே கேட்டுவிட்டாராம். அவர் அதற்குப் பிறகு வரவேயில்லையாம்.